சென்னை ஏரிக்கு எந்தப் புழுவைக் கட்டுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: பெரம்பூரில் இருக்கிறீர்கள், யூடியூபில் ஒரு வெளிநாட்டுக்காரர் கேடிஸ் என்ற பூச்சியின் புழு மாதிரி ஃப்ளை (தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்கிற போலி இரை) கட்டுவதைப் பார்த்து ஆசை வந்துவிட்டது, அவர் சொல்லும் சாமான்களில் முக்கால்வாசி இங்கே கிடைக்கவில்லை, பதிலுக்கு என்ன வாங்கலாம் என்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் “இங்கே ஏரி மீன் இதைக் கடிக்குமா” என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அதுதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டால் சாமான் பட்டியல் தானாகவே பாதியாகிவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி, எதை நம்பலாம் எதை நம்பவேண்டாம் என்று நீங்கள் எடை போட வசதியாக இருக்கும். விலங்கியல் படித்தவன். படிக்கும்போது குளத்துச் சேற்றை வலையில் அலசி, அதில் வரும் பூச்சிப் புழுக்களைப் பிரித்து எண்ணும் வேலை செய்திருக்கிறேன். பிழைப்பு வேறு. ஃப்ளை கட்டுவது பதினான்கு வருடமாக, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில். எனக்குப் பழக்கமான தண்ணீர் சென்னையைச் சுற்றியுள்ள குளம் ஏரிகளும், வருடத்துக்கு ஒருமுறை போகும் நீலகிரியும்தான். பெரிய ஆறு, மகசீர் மீன் என்றெல்லாம் கேட்டால் நான் ஆள் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். கேடிஸ் என்பது பெரும்பாலும் ஓடும் தண்ணீர்ப் பூச்சி. குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த ஓடையில் கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சில வகை மணலையும் இலைத்துணுக்கையும் எச்சில் நூலால் ஒட்டித் தனக்கென்று ஒரு கூடு கட்டிக்கொள்ளும், சில வகை கூடில்லாமல் பச்சையாகவோ பழுப்பாகவோ திரியும். அந்த வீடியோக்காரர் கட்டுவது இந்தக் கூடில்லாத வகையை. அவருக்கு அது சரி, அவர் ஊர் ஓடையில் அது இருக்கிறது, அங்கே டிரவுட் மீன் அதைத் தின்கிறது. நம் ஊர் ஏரியில் அடிச்சேறு, கோரை, பாசி, வெயிலில் வெந்நீர் மாதிரி ஆகிவிடும் ஓரத் தண்ணீர். அங்கே போய் பச்சைக் கேடிஸைத் தொங்கவிட்டால் மீன் கடிக்கவே கடிக்காது என்று சொல்லமாட்டேன், ஜிலேபிக் கெண்டை எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். ஆனால் அது தினமும் தின்கிற சாப்பாடு வேறு.

அந்தச் சாப்பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள், என்னவென்று தெரியாமல். மழைக்குப் பிறகு சாயங்காலம் வேளச்சேரி ஏரிப் பக்கமோ பள்ளிக்கரணைப் பக்கமோ வண்டியில் போனால் தலைக்கு மேலே தூண் மாதிரி ஒரு பூச்சிக் கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினால் வாயில் போகும். கொசு என்று நினைப்போம், ஆனால் கடிக்காது. அதற்குக் கைரோனமிட் என்று பெயர். அதன் புழுதான் ரத்தப்புழு, கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பிளட் வார்ம் என்று விற்கிறார்களே, அதுவேதான். சிவப்பாக இருப்பதற்குக் காரணம் நம் ரத்தத்தில் இருப்பது மாதிரியே அதன் உடல் திரவத்திலும் ஹீமோகுளோபின் இருக்கிறது. பிராணவாயு குறைந்த சேற்றுக்குள் குழாய் மாதிரி ஒரு வளை கட்டிக்கொண்டு அது பிழைத்துக்கிடப்பது அந்தச் சிவப்பை வைத்துத்தான். அதனால்தான் மற்ற பூச்சிகள் சாகிற சாக்கடைத் தண்ணீரிலும் இது கொழிக்கிறது. கூவத்தில் மீன் இருக்கிறதோ இல்லையோ, இந்தப் புழு இருக்கும்.

ஆகவே என் முதல் யோசனை: கேடிஸை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள், ரத்தப்புழுவைக் கட்டுங்கள். பெரம்பூரிலிருந்து கொளத்தூர் எட்டிப்பிடிக்கும் தூரம். உயிரோடு இருக்கும் புழு கொஞ்சம் வாங்கி வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அதில் நாலைந்தைப் போட்டு, ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பாருங்கள். வாங்கும்போது கவனம், டியூபிஃபெக்ஸ் என்று இன்னொரு சிவப்புப் புழு இருக்கிறது, தலைமுடி மாதிரி பின்னிக் கொத்தாகக் கிடக்கும், அது மண்புழுவுக்குச் சொந்தம், பூச்சியே இல்லை. நமக்கு வேண்டியது தனித்தனியாக நெளிகிற, பழுப்பு நிறத்தில் கெட்டியான சின்னத் தலை உள்ள புழு. தலைக்குக் கீழே கட்டைக் கால் மாதிரி ஒரு ஜோடி, வால் பக்கம் ஒரு ஜோடி தெரியும். உடம்பு கணு கணுவாக ஒரு டஜன் கண்டம். முக்கியமானது அது நீந்தும் விதம்: எட்டு போடுவது மாதிரி உடம்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வெடுக் வெடுக்கென்று மடிக்கும், அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தும் ஒரு விரற்கடை தூரம்கூடப் போயிருக்காது, களைத்துப்போய் அப்படியே வளைந்து கீழே இறங்கும். மீன் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலையைத்தான். இறங்குகிற, லேசாக வளைந்த, குச்சி மாதிரி ஒல்லியான ஒரு சிவப்புக் கோடு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். காயவைத்த ரத்தப்புழுத் தூள் வாங்காதீர்கள். அந்தப் புழுவின் ஹீமோகுளோபின் சிலருக்கு ஒவ்வாமை தரும், தும்மல், கண் அரிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்புகூட வரலாம். எனக்கு உயிர்ப்புழுவைத் தொட்டாலே விரல் இடுக்கில் அரிக்கும், அதனால் கரண்டியில்தான் எடுப்பேன்.

இப்போது சாமான். முள் 12 அல்லது 14-ஆம் நம்பர், நம்பர் கூடக்கூட முள் சிறுக்கும் என்பது தெரிந்திருக்கும். வளைந்த தண்டு உள்ள முள் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் நேர்த்தண்டும் போதும். காசிமேட்டுப் பக்கம் தேடினால் கடல் மீனுக்கான பெரிய முள்தான் கைக்கு வரும், இந்தச் சின்ன முள்ளை ஆன்லைனில்தான் வாங்கவேண்டியிருக்கிறது. அங்கேயும் மலிவைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான் ஒருமுறை நூறு முள் உள்ள பொட்டலம் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன், கால் கிலோ ஜிலேபி இழுத்த இழுப்பில் முள் ஊசியாக நிமிர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் பொட்டலம் பிரித்ததும் ஒரு முள்ளை இடுக்கியில் பிடித்து வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன்.

நூல் சிவப்பு. தையல் நூலில் முறுக்கு அதிகம், கனமாக உட்காரும். தையல் சாமான் கடையில் எம்பிராய்டரி மெஷின் நூல் என்று கேளுங்கள், பட்டு மாதிரி மினுமினுப்பாக, மெல்லியதாக இருக்கும். செப்புக் கம்பிக்கு ஃப்ளைக் கடைக் கம்பி தேவையே இல்லை, மோட்டார் ரீவைண்டிங் செய்யும் கடையில் 36 கேஜ் கம்பி இரண்டு முழம் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஏறக்குறைய 0.19 மில்லிமீட்டர், நமக்கு வேண்டிய கனம் அதுதான், மேலே எனாமல் பூச்சு இருப்பதால் சீக்கிரம் கறுக்கவும் கறுக்காது. தலைப்பக்கத்துக்கு மயிலிறகின் ஓரத்தில் தொங்கும் நார் ஒன்று. வெளிநாட்டில் இதைப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள், நமக்கு முருகன் கோயில் வாசலில் கிடைக்கிறது. தானாக உதிர்ந்த மயில் தோகையை உள்நாட்டில் வைத்திருக்கத் தடையில்லை, வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் தடை. ஆனால் யாராவது காட்டுக்கோழிக் கழுத்து இறகு தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஃப்ளை கட்டுபவர்களிடையே அந்த இறகுக்கு ஒரு காலத்தில் பெரிய மவுசு, இப்போது அந்தப் பறவை 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

கட்டும்போது முள்ளை இறுகப் பிடித்துக்கொள்ளும் வைஸ் வாங்க நாலாயிரம் ஐயாயிரம் செலவழிக்க இப்போதே அவசரப்படவேண்டாம். சௌகார்பேட்டையில் நகைப் பட்டறைக்காரர்களுக்கு விற்கும் சின்னக் கை வைஸ் ஒன்றை வாங்கி, மேஜை ஓரத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கினால் ஐம்பது ஃப்ளை வரைக்கும் தாங்கும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் நல்லதாக வாங்குங்கள்.

கட்டுவதற்கு முன் முள்ளின் எதிர்நாக்கை, அதாவது நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூரை, இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கட்டிய பிறகு நசுக்கி முள் உடைந்தால் கால் மணி நேர உழைப்பு போச்சு, முன்பே உடைந்தால் ஒரு முள்தான் போச்சு. முள்ளை வைஸில் மாட்டி, அதன் கண்ணுக்கு (தூண்டில் நரம்பை நுழைக்கும் வளையம்) பின்னால் ஒரு கண் அகலத்துக்கு இடம் விட்டு நூலைத் தொடங்குங்கள், நூலின் மேலேயே நூலை நாலு சுற்று சுற்றினால் தானே பிடித்துக்கொள்ளும், முடிச்சு வேண்டாம். அந்த ஒரு கண் இடத்தை விட மறந்ததுதான் நான் முதல் வருடம் முழுக்கச் செய்த தப்பு. கடைசியில் தலை கட்ட இடமில்லாமல் கண்ணையே நூல் மூடிவிடும், ஏரிக்கரையில் நின்றுகொண்டு நரம்பை நுழைக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள். செப்புக் கம்பியைத் தண்டின் அடியோடு நீளவாட்டில் வைத்து, அதன் மேலே நூலைப் பக்கத்தில் பக்கத்தில் சுற்றிக்கொண்டே முள் வளையும் இடம் வரைக்கும் போங்கள், வளைவிலும் கொஞ்சம் இறங்குங்கள், அப்போதுதான் புழு வளைந்திருப்பது மாதிரி வரும். போகும்போது பாபினை (நூல் கண்டைப் பிடித்திருக்கும் கருவி) அவ்வப்போது இடப்பக்கமாகச் சுழற்றி விட்டால் நூலின் முறுக்கு பிரிந்து பட்டையாக உட்காரும், இல்லையென்றால் மேடு மேடாக நிற்கும். அதே மாதிரி திரும்பி முன்னால் வாருங்கள். அவ்வளவுதான் உடம்பு. இன்னும் ஒரு சுற்று போடலாமே என்று கை துறுதுறுக்கும், போடாதீர்கள். என் முதல் ரத்தப்புழுவைப் பார்த்துவிட்டு என் மனைவி “எறும்பு மொய்த்த கொழுக்கட்டையா இது?” என்று கேட்டாள், நியாயமான கேள்வி.

இப்போது கம்பியை நூல் போன திசைக்கு எதிர்த்திசையில், இடைவெளி விட்டு ஏழெட்டுச் சுற்று முன்னால் கொண்டுவாருங்கள். கண்டம் கண்டமாகத் தெரிவது இதனால்தான், மீன் பல்லில் நூல் அறுந்தாலும் பிரியாமல் பிடித்துவைப்பதும் இதுதான். சிவப்பு நூல் இரண்டு கம்பிச் சுற்றுக்கு நடுவே லேசாகப் பிதுங்கி நிற்கவேண்டும், அந்த இறுக்கம் விரலுக்குப் பழக நாளாகும். முன்னால் வந்ததும் நூலால் கம்பியை நாலு சுற்று கட்டி, மிச்சக் கம்பியைக் கத்தரிக்காமல் இப்படியும் அப்படியும் ஆட்டி ஒடித்துவிடுங்கள், கத்தரிக்கோலும் பிழைக்கும், ஒடிந்த முனையும் துருத்திக்கொண்டு நிற்காது. மயில் நார் ஒன்றைக் கட்டி மூன்றே சுற்று, அதுவே தலையின் பழுப்பும் மார்பின் பருமனும். முடிச்சுக்கு விப் ஃபினிஷ் கருவி இல்லாவிட்டால் காலியான பால்பாயிண்ட் ரீஃபில் துண்டு போதும்: அதன் மேல் நூலை ஒரு வளையம் போட்டு, ரீஃபில் வாயை முள்ளின் கண்ணில் பொருத்தி வளையத்தைத் தள்ளிவிட்டு இறுக்குங்கள். நாலு முறை செய்தால் பிரியாது. மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு, ஊசி முனையால் தொட்டு. யூவி ரெசின் (புற ஊதா ஒளி பட்டால் கெட்டியாகும் பசை) வைத்திருந்தால் அதுவும் சரி, ஆனால் பகலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதைத் திறக்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு டப்பா வாயிலேயே கெட்டியாகிவிடும்.

கனம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், டங்ஸ்டன் மணி அவசியமா என்று. டங்ஸ்டன் அடர்த்தி பித்தளையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், வேகமாக ஓடும் ஓடையில் ஃப்ளை அடியைத் தொட அது உதவும். ஆறடி ஆழத்துக் குளத்தில், தண்ணீரே நகராத இடத்தில், அந்த அவசரம் எதற்கு? மெதுவாக இறங்குவதுதான் நமக்கு வேண்டியதே. செப்புக் கம்பியின் கனமே போதும், போதவில்லை என்றால் ஆரி வேலைக்கு விற்கும் சிவப்புக் கண்ணாடி மணி ஒன்றை நூல் கட்டுவதற்கு முன்பே முள்ளில் கோத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் என்பவர் நூலே இல்லாமல், செப்புக் கம்பியையே நூலாகவும் கனமாகவும் வைத்து ஃபெசன்ட் என்ற பறவையின் வால் இறகில் ஒரு பூச்சி கட்டினார், இன்றுவரை உலகம் முழுக்க அதைக் கட்டுகிறார்கள். சாமான் குறைந்தால் ஃப்ளை கெட்டுவிடாது என்பதற்கு எனக்கு அந்த மனிதர் ஒருவர் போதும்.

மேலே சொன்னதில் எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஒல்லியாக இருக்கவேண்டும், அடிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், மெதுவாக நகரவேண்டும், இந்த மூன்றிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே நாளில், ஒரே இடத்தில், கனத்த உடம்பையும் ஒல்லி உடம்பையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒல்லிதான் ஜெயிக்கும். நிறத்தில் அவ்வளவு உறுதி இல்லை. தெளிந்த தண்ணீரில் முதலில் மங்குவது சிவப்புதான், கலங்கலிலோ கீழே போகப்போக எந்த நிறமும் மங்கிவிடும், அப்புறம் மீன் எதைச் சிவப்பு என்று பார்க்கிறது? ஆனாலும் பழுப்பு நூலில் கட்டியதைவிடச் சிவப்புக்கு எனக்கு அதிகம் விழுந்திருக்கிறது. அதற்குக் காரணம் நம்பிக்கையோடு சிவப்பையே அதிக நேரம் போட்டதாகவும் இருக்கலாம், அந்த வாய்ப்பை நான் தள்ளிவிடமாட்டேன். மயில் நார் இருந்தால்தான் கடிக்கிறது என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. அது இல்லாமலும் எனக்கு விழுந்திருக்கிறது.

எந்த மீன் என்றால், முதலில் ஜிலேபி. 1952-இல் வெளியிலிருந்து கொண்டுவந்துவிட்ட மீன், இன்று அது இல்லாத குட்டை இல்லை. பாசியும் தின்னும், புழுவும் தின்னும். அடுத்தது அடியில் மேயும் கெண்டை வகைகள், மிர்கால், சில சமயம் ரோகு. விராலுக்கு இது கொசுறு கூட இல்லை, அதற்குத் தவளை மாதிரி வேண்டும். ஃப்ளை வீசுவதற்கென்றே உள்ள தூண்டில் கம்பு (ஃப்ளை ராடு) இல்லையென்று சொல்லியிருந்தீர்கள், பரவாயில்லை. உங்களிடம் இருக்கும் சாதாரண தூண்டிலில் மெல்லிய நரம்பு போட்டு, சின்னத் தக்கைக்குக் கீழே ஃப்ளையை அடியிலிருந்து அரை அடி மேலே நிற்கிற மாதிரி அளந்து கட்டுங்கள். லேசான காற்றில் தக்கை ஆடும் ஆட்டமே போதும், கீழே புழு துள்ளும். பத்து விநாடிக்கு ஒருமுறை ஒரு விரல் அளவு இழுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஜிலேபி கடித்தால் தக்கை முங்கும் என்று காத்திருக்காதீர்கள், உண்மைப் புழு என்றால் விழுங்கும், நூல் என்று தெரிந்தால் ஒரு நொடியில் துப்பிவிடும். தக்கை ஒரு பக்கம் சாய்ந்தாலே, நின்றாலே, காற்றுக்கு எதிராக ஒரு அங்குலம் நகர்ந்தாலே கையைத் தூக்கிவிடவேண்டும்.

எங்கே போடலாம் என்பதில் கவனமாக இருங்கள். பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கோ சங்கத்துக்கோ போயிருக்கும், குடிநீர் ஏரிகளில் கட்டுப்பாடு தனி. கரையில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். சாக்கடை கலக்கும் தண்ணீரில் பிடித்ததைச் சாப்பிடவேண்டாம், அதே இடத்தில் விட்டுவிடுங்கள், எதிர்நாக்கை நசுக்கச் சொன்னது அதற்கும்தான்.

கேடிஸ் ஆசையை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. என்றைக்காவது நீலகிரி போவீர்கள். அங்கே அவலாஞ்சியில் வெள்ளைக்காரன் காலத்தில், 1907 வாக்கில், எச். சி. வில்சன் என்பவர் குஞ்சு பொரிப்பகம் வைத்து டிரவுட்டை வளர்த்து ஓடைகளில் விட்டார், அதன் வாரிசுகள் இன்னும் சில ஓடைகளில் இருக்கின்றன. மீன்வளத் துறை உரிமம், காடு என்றால் வனத்துறை அனுமதி, இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த ஓடைகளில் ஒரு கல்லைப் புரட்டினால் மணல் கூட்டோடு கேடிஸ் ஒட்டியிருப்பது தெரியும். பார்த்துவிட்டுக் கல்லை இருந்த மாதிரியே வைத்துவிடுங்கள். அதைக் கட்ட மருந்துக் கடை லேடெக்ஸ் கையுறை ஒன்றை வாங்கி இரண்டு மில்லிமீட்டர் பட்டையாக வெட்டி, பச்சை அல்லது வெளிர்பழுப்பு நூலுக்கு மேல் ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறுகிற மாதிரி இழுத்துச் சுற்றுங்கள், கணு கணுவாக, ஈரமான தோல் மாதிரி வந்துவிடும். தலைப்பக்கம் அதே மயில் நார். இங்கே டங்ஸ்டன் மணிக்கு வேலை உண்டு. ஆனால் லேடெக்ஸ் நம் ஊர் சூட்டுக்கு ஒரு வருடத்தில் பிசுபிசுத்துப் பொடிந்துவிடும், மொத்தமாகக் கட்டி வைக்காமல் போவதற்கு முந்தின வாரம் கட்டுங்கள்.

அதே போல முள்ளும். கடற்காற்றுக்கு இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும், மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப்போடாமல் ஃப்ளை டப்பாவுக்குள் போட்டுவையுங்கள். இறகு வைக்கும் டப்பாவில் இரண்டு அந்துருண்டை. முதல் பத்து கட்டியதும் அதில் மோசமானதை ஒரு படம், சுமாரானதை ஒரு படம் எடுத்துப் போடுங்கள், எங்கே நூல் கூடிவிட்டது என்று பார்த்துச் சொல்கிறேன்.